அன்புள்ள உறவினருக்கு

வினிபெக், ஷெர்புரூக் வீதி.
ஒலெக்சியுக் என்று நெஞ்சில் பெயர் குத்திய பெண்
வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தைக் கீறத் தொடங்கினாள்.
பெண் என்றால் வட்டம். ஆண் என்றால் சதுரம்.
செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு.

அம்மா, நாற்பத்தெட்டு. பெருங்குடல்.
பெரியம்மா பவளம்? கர்ப்பப்பைக் கோளாறு என்றார்கள்,
அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.
தாத்தாவுக்கு வயிற்றில் செய்வினை.
செய்வினைக்கு ஆங்கிலம் தேடி நான் திணற
பென்சிலை உயர்த்தியபடி காத்திருந்தாள்.
பிறகு ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மாமாமார் மூன்று பேர்.
மூன்று சதுரம், மூன்று கோடு.
இவர்களுக்கும் புற்றுநோயா?
இல்லை. ஒருவர் செல்லடியில்.
ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
கடைசி மாமா கடலில்.
இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு.
"அப்படியென்றால்
இவர்கள் நமக்கு எதுவும் சொல்லமாட்டார்கள்."
வருத்தத்துக்குச் சொல்லவில்லை, கணக்குக்குத்தான் சொன்னாள்.
இருந்தும்
அந்த வயதுவரை வாழ்ந்து
அந்த நோயிலாவது போயிருக்கலாமே என்று
வாழ்க்கையில் முதல்முறை
ஒரு நோயை இன்னொருவருக்கு ஆசைப்பட்டேன்.

எம்எஸ்எச்2.
கார் நம்பர் மாதிரி ஒரு பெயர்.
உடம்பு தன்னைப் படியெடுக்கையில்
ள வரவேண்டிய இடத்தில் ல விழுந்தால்
கண்டுபிடித்து ஆள் கூப்பிடுவது அதன் வேலை.
என்னிடம் இரண்டு பிரதி. ஒன்று சரி.
மற்றதில், நடுவில், ஓர் எழுத்து இல்லை.

நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன்.
தபால் பிரிக்கும் நிலையத்தில், இரவு பதினொன்றிலிருந்து,
இயந்திரத்துக்குப் பிடிபடாத முகவரிகள் திரையில் வரும்.
ஒன்றா ஏழா, ஐந்தா எஸ்ஸா.
மூன்று நொடி. அடுத்தது.
பன்னிரண்டு வருடத்தில் எத்தனை தவறவிட்டேனோ,
எது யார் வாசலில் பனியில் ஊறிக் கிடந்ததோ.
ஒருவரும் வந்து கேட்டதில்லை.

புறப்படும்போது ஒரு கடிதம் தந்தாள்.
அச்சடித்தது. இரத்த உறவுகளுக்கு அனுப்பவாம்.
'அன்புள்ள உறவினருக்கு' என்று தொடங்குகிறது.
எனக்கு மிஞ்சிய உறவினர் ஒருவர்தான்:
தம்பி குகபாலன், ரெஜைனா.
பதினோராயிரம் டொலர் சீட்டுக் காசில்
ஏழு வருடமாகப் பேச்சில்லை.
தரவேண்டியவன் அவன். அதை இப்போதும் சொல்வேன்.

அம்மாவின் தாலிக்கொடிக்கும் ஒரு சண்டை நடந்தது.
இதற்குச் சண்டை தேவையில்லை.
இது சீதனம் முதுசம் பார்க்காது,
ஆணோ பெண்ணோ ஆளுக்குச் சரிபாதி வாய்ப்பு.
அவன் பிறக்குமுன்னே காசு சுண்டியாயிற்று.
பூவா தலையா என்று
அவன்தான் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.

ஒன்பது நாள் கடிதம் மேசையில் கிடந்தது.
மிதுஷா பால் கோப்பையை அதன்மேல் வைத்து எடுத்தாள்.
பதினொரு வயது.
பதினெட்டு ஆகும்வரை அவளைச் சோதிக்க மாட்டார்களாம்.
தாளில் ஈரமாக ஒரு வட்டம்.
அது காயும்வரை நின்று பார்த்தேன்.
குறுக்கே கோடு எதுவும் இல்லை.

பிறகு, அச்செழுத்தின் கீழே, பேனாவால் எழுதினேன்:
சீட்டுக் காசை விடு. குடலைக் காட்டு.
உறையின்மேல் முகவரியை
எந்த இயந்திரமும் வாசிக்கும்படி கொட்டை எழுத்தில்.
எஸ். நாலு.
இரண்டு தரம் சரிபார்த்தேன், சம்பளம் இல்லாமல்.

மார்ச் முடிந்து ஆற்றில் ஐஸ் விட்டுக்கொடுக்கும் நேரம்
ஃபோனில் ஒரு வரி வந்தது.
வணக்கம் இல்லை. அக்கா என்ற சொல்லும் இல்லை.
"எந்தக் கையில எடுத்தவை?"

இடது, என்று அனுப்பினேன்.
கொஞ்சம் பொறுத்து
தண்ணி நிறையக் குடிச்சிட்டுப் போ
என்றும்.